இரண்டு ஜாடிகள்

தாலியன். நவம்பர். செவ்வாய்க்கிழமை.
மேசையில் இரண்டு ஜாடிகள்.
ஃபார்மலின் நெடியில்
கடிக்காமல் கிடக்கிறது என் காலை ரொட்டி.

முதல் ஜாடி வாய் வழியே வந்தது.
சூ யான்லிங், நாற்பத்தொன்பது, டிராம் ஓட்டுபவள்.
அவள் மயக்கத்தில் இருக்க
விளக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டையில் இறங்கிய டாக்டர் லுவான்
இரைப்பைச் சுவரைச் சுட்டுச் சுட்டுப் பிரித்து
ஓர் இலந்தைப்பழத்தை எடுத்து வந்திருக்கிறார்.
ஓட்டையை ஐந்து கிளிப்புகளால் மூடியாயிற்று.
மூன்றாம் நாள் கஞ்சி.
வயிற்றின் மேல் ஒரு கீறலும் இல்லை.
கணவனுக்கே சொல்லவில்லையாம்,
பல் பிடுங்கப் போனதாகச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாவது ஜாடி கனக்கிறது.
கொங் தெஹாய், அறுபத்தொன்று,
கடலட்டைக்கு மூழ்குகிறவர்.
நான்கு துளைகள், அதில் ஒன்றை அகலப்படுத்தி
டாக்டர் சீ பைக்குள் போட்டு இழுத்த வாத்து முட்டை.
கட்டியைச் சுற்றி நல்ல சதை ஒரு விரல் அகலம்,
துணிக்குக் கரை வைத்த மாதிரி.
ஏழு நாள் படுக்கை.
தையல் காயும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது என்றதும்
சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் இருவரும் மோதுவார்கள்.
லுவான் நாட்களை எண்ணுவார், செலவை எண்ணுவார்,
காப்பாற்றிய இரைப்பையை எண்ணுவார்.
சீ ஒன்றே ஒன்றைக் கேட்பார்:
உள்ளே உறை கிழிந்திருந்தால்?
வயிறு முழுக்க விதைத்துவிட்டு
தழும்பில்லை என்று பெருமைப்படுவீர்களா?
பிறகு இருவரும் என் பக்கம் திரும்புவார்கள்.
நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்ப்பேன்.

முகம் பார்த்ததில்லை நான், யாருடையதும்.
செவிலி சொன்ன கதையும் பெயர்ச் சீட்டும்தான்.
விளிம்பில் கறுப்பு மை பூசுகிறேன்,
வெட்டுகிறேன், மெழுகில் புதைக்கிறேன்,
கண்ணாடியில் ஒட்டுகிறேன்.

இந்தக் கட்டிகளுக்கு ஒரு பூர்வீகம் உண்டு.
இரைப்பைக்குத் தாளம் தட்டும் செல்களின்
சொந்தக்காரர்கள் இவர்கள்.
நிமிடத்துக்கு மூன்று தட்டு, பிறந்த நாளிலிருந்து.
அந்த வம்சத்தில் எவனோ ஒருவன்
தட்டுவதை விட்டுவிட்டுப் பெருகத் தொடங்கினான்.
சாயம் ஏற்றினால் இரண்டு ஜாடியும்
ஒரே பழுப்பு நிறம்.

யான்லிங்கின் உறை கிழியவில்லை.
ஆனால் அடியில், சூடு கருக்கிய ஓரத்தில்,
செல்லின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என் மை.
சுத்தமில்லை என்றுதான் எழுத வேண்டும்.
தெஹாயின் விளிம்பு எந்தப் பக்கம் திருப்பினாலும் சுத்தம்,
சீ சட்டம் போட்டு மாட்டலாம்.

அப்புறம் எண்ணினேன்.
இரண்டாய்ப் பிளந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை?
லென்ஸின் கீழ் வட்டம் வட்டமாக,
அரிசியில் கல் பொறுக்குவது போல.
யான்லிங்: ஒன்று.
அதுவும் ஒருவேளை சுருங்கிச் செத்ததாக இருக்கலாம்.
தெஹாய்: பதினொன்று.
நம்பாமல் மறுபடி எண்ணினேன்.
பன்னிரண்டு.

ஓரம் கருகியவள் அநேகமாய்த் தப்பித்தாள்.
வருடம் ஒருமுறை அந்த விளக்கு எட்டிப் பார்த்தால் போதும்.
அழகாய் வெட்டப்பட்டவருக்கு
மூன்று வருடம் மாத்திரை,
கண்ணிமை வீங்கும், கால் பிடிக்கும்,
கடலட்டைகள் காத்திருக்கும்.

கத்தி பெரிதா, குழாய் பெரிதா?
வாத்து முட்டையை வாய் வழியே இழுக்க முடியாது,
இலந்தைக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை,
அவ்வளவுதான் தெரியும் எனக்கு.
மிச்சத்தைக் கட்டி முன்பே முடிவு செய்துவிட்டது,
யாரும் கையுறை மாட்டுவதற்கு முன்பே.

மாலை லுவான் போன் செய்தார்.
விளிம்பு என்றேன். மௌனம்.
ஒன்றுதான் என்றேன். மூச்சு விட்டார்.
சீயை நான்தான் அழைத்தேன்.
அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார்.

இருட்டியதும் டிராமில் ஏறினேன்.
ஓட்டுநர் ஒரு பெண், குட்டை முடி, நீலத் தொப்பி.
அவளாக இருக்காது.
வளைவில் வண்டி முனகியபோது
என் வயிறும் சத்தம் போட்டது,
பக்கத்தில் இருந்த பையன் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.
கைப்பையைத் திறந்தேன்.
காலை ரொட்டி கல்லாய்க் கிடந்தது.
கடித்தேன்.